மூன்று வசனங்களில் ஒன்று

எழுபத்தெட்டில் நானும் ஓர் ஈரானிய மாணவனும் ரொறொன்ரோவில், வோபர்ன் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் எட்டாம் தட்டில் ஒன்றாகக் குடியிருந்தோம். இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, சமையலறைச் சுவரில் ஒரு ரெலிபோன். அவன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தான். நான் அஜின்கோர்ட்டில் விளக்குப் பொருத்திகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தான் நான், முந்தைய ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் நான் இருந்த அறையைக் கொளுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம், கொடி, தேசிய கீதம் எதிலும் எனக்கு ஒரு மரியாதையும் மிஞ்சவில்லை. அவனுக்கோ எல்லாவற்றிலும் நம்பிக்கை இருந்தது. ஓயாமல் சண்டை பிடித்தோம். அப்படித்தான் நண்பர்களானோம்.

அவனுடைய தகப்பன் ஈரான் மன்னரின் படையில் ஒரு கேணல். மகன் ரொறொன்ரோ வீதியில் மன்னர் ஒழிக என்று தொண்டை கிழியக் கத்துவான்; அந்தத் தொண்டைக்குச் சோறு போட்டது மன்னர் கொடுத்த சம்பளம். "உன்னைப்போலச் சொகுசான புரட்சிக்காரனை நான் கண்டதில்லை" என்று சீண்டுவேன். கோபிக்க மாட்டான். "என் அப்பா பாலம் கட்டுகிற பிரிவு. அவர் ஒருவரையும் சுட்டதில்லை" என்பான். அதை எனக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஊர்வலத்துக்குப் போகும்போது அவர்கள் எல்லோரும் கடதாசி முகமூடி போட்டுக்கொள்வார்கள். மன்னரின் உளவாளிகள் கூட்டத்தில் நின்று படம் எடுப்பார்கள் என்ற பயம். முகமூடிகள் எங்கள் சமையலறை மேசையில்தான் தயாராகின. ஒவ்வொரு ஞாயிறும் அவனுடைய கூட்டாளி ஒருவன் வருவான். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட அவனை நான் கண்ணாடிக்காரன் என்றுதான் கூப்பிடுவேன். பழுப்பு நிறக் கடதாசிப் பைகளில் அவன் அளவு குறித்துத் தருவான். தொழிற்சாலையில் கத்தி பிடித்துப் பழகிய கை என்று கண் துளைகளை என்னிடம் வெட்டத் தருவார்கள். கண்ணாடிக்காரனுக்கே முகமூடி பெரிய வில்லங்கம். கண்ணாடியை உள்ளே போட்டால் ஆவி படிந்து தெரு தெரியாது; வெளியே போட்டால் ஆளைத் தெரிந்துவிடும். என் சம்பலைக் கண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு எங்கள் சோபாவிலேயே படுத்துவிடுவான். எனக்கு அவனை நன்றாகப் பிடிக்கும்.

ஒரு மன்னரை வெறுங்கையால் எப்படி விழுத்துவது என்பதை நான் எங்கள் சமையலறைக் கலண்டரில் படித்தேன். எங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி போல, அவர்களுக்குச் செத்தவரின் நாற்பதாம் நாள் பெரிய நாள். ஒரு நகரத்தில் சிலரைச் சுட்டார்கள். நாற்பதாம் நாள் இன்னொரு நகரத்தில் அவர்களுக்காக அழக் கூடியவர்களையும் சுட்டார்கள். அப்படிச் செத்தவர்களுக்கும் நாற்பது வந்தது. எந்த அரசாங்கத்தாலும் செத்தவீட்டைத் தடைசெய்ய முடியாது. சுடச் சுட, அழுகிறவர்களின் தொகை கூடிக்கொண்டே போனது. என் நண்பன் நாற்பது நாற்பதாக எண்ணிச் சிவப்பு மையால் வட்டம் போட்டான். கோடை முடிவதற்குள் எந்த வட்டம் எந்தச் சாவுக்கு என்று அவனுக்கே குழம்பிவிட்டது.

பிறகு எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வங்கி, பத்திரிகை, தபால், சுங்கம் என்று ஒவ்வொன்றாய் நின்றது. ஒருநாள் அவன் வீட்டுக்கு எடுத்தபோது, அவனுடைய தாய் ரெலிபோனை ஜன்னலுக்கு வெளியே பிடித்தாராம். அவன் என்னை இழுத்துவந்து ரெலிபோனை என் காதில் வைத்தான். ஊர் முழுக்கக் கூரைகளில் ஏறிநின்று கடவுள் பெரியவர் என்று கத்திக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான குரல்கள், ஒரு கேணல் வீட்டு ஜன்னல் வழியாக. எனக்குக் கடவுள் நம்பிக்கை குறைவு. ஆனாலும் அவனாகப் பறிக்கும்வரை நான் ரெலிபோனைக் கொடுக்கவில்லை.

தை மாதத்தில் மன்னர் விமானம் ஏறிப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவன் எங்கள் தட்டில் இருந்த ஒவ்வொரு கதவையும் தட்டி இனிப்புக் கொடுத்தான். எனக்கு வயிற்றெரிச்சல்தான். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். சனம் என்ன செய்யும் என்று ஒருவரும் படிப்பிக்கவில்லை. நாடு கடத்தப்பட்டிருந்த முதிய மதகுரு திரும்பி வந்தார். சில நாளில் படையும் துப்பாக்கியைக் கீழே வைத்தது. கண்ணாடிக்காரன் பரீட்சையை எறிந்துவிட்டு, கிடைத்த முதல் விமானத்தில் ஏறினான். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, அடுத்தது உங்கள் நாடு என்றான். சிரித்தேன். ஆனால் அன்று அதை நம்பினேன்.

அதன் பிறகு என் நண்பனுக்கு ஊரிலிருந்து வந்த முதல் கடிதத்தில், தபால் முத்திரையில் இருந்த மன்னரின் முகத்தின் மேல் யாரோ பேனாவால் குறுக்கே கிழித்திருந்தார்கள். அவன் அதை எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டான்.

பிறகு பத்திரிகையில் படங்கள் வரத் தொடங்கின. மன்னரின் ஜெனரல்கள் நான்கு பேர், சுடப்பட்டு, வரிசையாக. "அவர்கள் கொலைகாரர்கள்" என்றான். அடுத்த தொகுதி வந்தபோது பத்திரிகையை மடித்து வைத்தான். அதற்கடுத்ததில் தகப்பனின் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினான். ஏனென்றால் அதற்குள் கேணலைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தாயின் தம்பியும் படையில் கப்டன். அவர் தப்பித் தலைமறைவாகிவிட்டார். கண்ணாடிக்காரனோ அவர்கள் வீடு இருந்த பகுதியின் புரட்சிக் குழுவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்வி. "விசாரிப்பார்கள், விட்டுவிடுவார்கள். பாலம் கட்டியவரைச் சுட்டு யாருக்கு என்ன லாபம்?" என்று நண்பன் நாளுக்கு நாலு தரம் சொல்வான். ஓமென்று தலையாட்டுவதைத் தவிர நான் என்ன செய்ய?

மார்ச் தொடக்கம். வேலை குறைவென்று தொழிற்சாலையில் எங்களை ஒரு கிழமை வீட்டில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை அவன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு ரெலிபோன் அடித்தது. அவனுடைய தாய். அங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். இலங்கைப் பிள்ளைதானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அயல்வீட்டிலிருந்து கதைப்பதாகவும், இனி எப்போது எடுக்க முடியுமோ தெரியாது என்றும், எழுதிக்கொள்ளும்படியும் சொன்னார். ஒரு கடித உறையின் பின்புறத்தில் எழுதினேன். வகுப்பில் சொல்வதெழுதல் கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மூன்று வசனம்.

அவனுடைய அப்பாவை நேற்று விடியற்காலை சுட்டுவிட்டார்கள்.

அவன் எங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கக்கூடாது, ஒட்டுக்கேட்கிறார்கள்.

அவன் ஒருவரிடமும் எதற்காகவும் மன்றாடக்கூடாது.

"வந்தவுடனே சொல்லுங்கள். இன்றைக்கே" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அன்று நான் செய்தது என்னவென்றால், அஜின்கோர்ட்டில் இருந்த, எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் ஊர்க்காரருக்கு எடுத்தேன். அவர் அறுபதுகளிலேயே வந்து ஊன்றியவர். எங்கள் ஆட்களுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான்.

"அண்ணை, எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"உடன போட்டு உடைச்சிடாதை. தனிய நிக்கிற பிள்ளை. முதல்ல சாப்பிடட்டும். இண்டைக்குக் கொஞ்சம் சிக்கல் எண்டு சொல்லு. நாளைக்குக் கடுமை எண்டு சொல்லு. சனிக்கிழமை நானும் மனிசியும் வாறம், பக்கத்தில இருந்து சொல்லுவம்."

"தாய் இண்டைக்கே சொல்லச் சொன்னவ."

"அவ இருக்கிற நிலையில சொல்லியிருப்பா. உன்ர அப்பா செத்ததை உனக்கு எப்பிடிச் சொன்னவை?"

எங்கள் ஊரில் சாவை ஒருவரும் நேரே சொல்வதில்லை. எனக்குக் கொழும்புக்கு வந்த தந்தியில் அப்பாவுக்குக் கடுமை, உடனே புறப்படு என்றுதான் இருந்தது. படித்த கணமே விளங்கிவிட்டது. எங்களில் யாருக்குத்தான் விளங்காது? ரயிலில் அனுராதபுரம் தாண்டுவதற்குள் அழுது முடித்துவிட்டேன். வீட்டுப் படலையில் பந்தலைக் கண்டபோது நேரே உள்ளே நடந்தேன். அந்த ஒரு பகல் எனக்குக் கிடைத்த தயவு என்றே நினைத்திருந்தேன். அதையே அவனுக்கும் கொடுப்போம் என்று நினைத்தேன். எங்கள் தந்தியை வாசிக்க அவனுக்கு யாரும் படிப்பித்ததில்லை என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

மாலையில் வந்தான். சப்பாத்தைக் கழற்றும்போதே யாராவது எடுத்தார்களா என்று கேட்டான். முதலில் சாப்பிடு என்றேன். சோறும் கோழிக்கறியும் செய்திருந்தேன். அவன் கரண்டியால் சோற்றைப் பிசைந்துகொண்டு என் முகத்தையே பார்த்தான். கடைசியில் சொன்னேன்.

"அம்மா எடுத்தவர். அப்பாவுடைய விஷயம் கொஞ்சம் சிக்கலாம். வீட்டுக்கு எடுக்க வேண்டாமாம், ஒட்டுக்கேட்கிறார்களாம்."

"சிக்கல் என்றால்? தீர்ப்புச் சொல்லிவிட்டார்களா?"

"அதெல்லாம் அவர் சொல்லவில்லை."

மூன்று வசனத்தில் நடுவில் இருந்ததை மட்டும் சொன்னேன். முதலாவதைச் சனிக்கிழமைக்கு வைத்தேன். மூன்றாவதைச் சொன்னால் முதலாவது தானாக வெளியே வந்துவிடும், அதனால் அதையும் விழுங்கினேன். உறை என் காற்சட்டைப் பையில் இருந்தது. அவன் எழுந்து என் தோளில் தட்டி, நல்ல சாப்பாடு, நன்றி என்றான். அவ்வளவு நல்லவனாக அவன் இருக்கவேண்டிய தேவை இல்லை.

வெள்ளி காலை நான் எழும்பி வந்தபோது அவன் ரெலிபோனில் நின்றான். மணிக்கணக்காகக் காத்திருந்தாலும் கிடைக்காத தெஹ்ரான், அன்றைக்கென்று பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அவர்களுடைய மொழியில் வேகமாகக் கதைத்தான், கெஞ்சினான், ஒரு தரம் சிரித்தான்கூட. மறுமுனையில் கண்ணாடிக்காரன் என்று விளங்கியது. நிறுத்தப் போனேன். ஆனால் அவன் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைக் கண்டதும், ஒரு நாளைக்காவது இருக்கட்டும் என்று தேத்தண்ணீர் போடப் போனேன்.

வைத்துவிட்டு வந்து கதிரையில் விழுந்தான்.

"அப்பாவின் கோப்பை அவன் கையில் எடுக்கிறானாம். ஆனால் தன் ஆட்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்றான். மாமா தானாக வந்து சரணடைந்தால் அப்பாவை விடலாமாம். மாமாவுக்கும் ஒன்றும் நடக்காது என்று சத்தியம் செய்தான்."

"மாமா எங்கே என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"வேறு எங்கே போவார்? வடக்கே, கடற்கரைப் பக்கம், மாமாவையும் என்னையும் வளர்த்த ஆயம்மாவின் வீடு. சின்ன வயதில் கோடைக்கு அங்கேதான் போவோம். வீட்டாரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது."

"சொல்லிவிட்டாயா?"

"சொன்னேன். அப்பாவுக்காக."

கேத்தில் கூவிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தவில்லை. பையிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அவன் படித்தான். திரும்பப் படித்தான். "இது எப்போது?" என்றான்.

"நேற்றுக் காலை."

"நேற்றுக் காலை" என்று திருப்பிச் சொன்னான். "நேற்றுக் காலையே உனக்குத் தெரியும். எனக்குச் சோறு போட்டாய்."

அடிப்பான் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் அழவும் இல்லை. பாய்ந்துபோய் ரெலிபோனை எடுத்து வெளிநாட்டு ஒப்பரேட்டரை அழைத்தான். அப்பா செத்துப்போனதற்கு அழ அவனுக்கு நேரம் இருக்கவில்லை; கண்ணாடிக்காரனின் ஜீப் புறப்படுவதற்குள் சொன்னதைத் திரும்ப விழுங்கவேண்டும். மாமா அங்கே இல்லை, நான் பொய் சொன்னேன், வேறு ஊர், எதையாவது சொல்லவேண்டும்.

தெஹ்ரான் வழி எல்லாம் நிறைந்துவிட்டது, பதிந்துவைக்கிறேன், கூப்பிடுவேன் என்றாள் ஒப்பரேட்டர்.

எட்டு மணியிலிருந்து உட்கார்ந்தோம். அவன் ரெலிபோனுக்குக் கீழே நிலத்தில், நான் மேசையில். அரை மணிக்கு ஒரு தரம் அவன் எழும்பி ஒப்பரேட்டரைக் கேட்பான், அதே பதில். வளர்த்தவளின் வீட்டுக்கு எடுக்கலாமே என்றேன். அங்கே ரெலிபோன் இல்லை. தந்தி? போவதற்கு மூன்று நாள். அயலவர் யாராவது? அவன் என்னைப் பார்க்காமலே, தயவுசெய்து கதைக்காதே என்றான். பத்து மணிக்கு ரெலிபோன் அடித்தது. இருவரும் துள்ளி எழும்பினோம். அஜின்கோர்ட் அண்ணை.

"என்ன மாதிரி, கடுமை எண்டு சொல்லிட்டியோ?"

"அண்ணை, வையுங்கோ. லைனை விடுங்கோ!"

"ஏன்ரா, அழுகிறானோ? நான் சொன்னனான்தானே, ஆறுதலா..."

வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் அவரைத் தூஷணத்தால் ஏசியிருக்கிறேன் என்றால் அது அன்றுதான். அவர்மேல் என்ன பிழை? கேட்டது நான், விழுங்கியது நான்.

அங்கே மலை தாண்டி வடக்குக் கரைக்கு நாலைந்து மணி நேர ஓட்டம் என்று அவன் முன்பு சொல்லியிருந்தான். நான் வாய்க்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடனே புறப்பட்டிருந்தால் இப்போது மலையில். மலைப்பாதையில் பனி இருக்கும், சுணங்கும். அவர்கள் மறுநாள்தான் புறப்படுவார்களோ? இப்படியே பகல் ஒரு மணியாயிற்று. அப்போதுதான் கிடைத்தது.

அவன் கண்ணாடிக்காரனின் பெயரைச் சொல்லிக் கேட்டான். அந்தப் பக்கம் வேறு யாரோ. இரண்டே நிமிடம். ரெலிபோனை வைக்காமல் கையில் தொங்கவிட்டபடி நின்றான்.

"வடக்கே போயிருக்கிறானாம். நான் காலையில் எடுத்துப் பத்து நிமிடத்தில் புறப்பட்டானாம்."

பிறகு, "அப்பா செத்தது அவனுக்குத் தெரிந்திருக்குமா?" என்று என்னைக் கேட்டான். என் சம்பலைத் தின்று, என் சோபாவில் படுத்து எழும்பியவன். அவன் மேசையில் இருந்த கோப்பு. தெரியாமலா இருக்கும்? தெரியாமலும் இருக்கலாம், அந்த நாட்களில் ஒரு குழு சுட்டது அடுத்த குழுவுக்குத் தெரியாது என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குத் தெரியாது என்றேன். இந்த முறை அது உண்மை.

அதற்குப் பிறகும் நாங்கள் ஒன்றாகவே இருந்தோம். இரண்டு பேருக்கும் போக வேறு இடம் இல்லை. சமைத்தோம், பாத்திரம் கழுவினோம், அவசியமானதை மட்டும் கதைத்தோம். அவர்களுடைய புத்தாண்டு வந்து போனது. முடியாட்சி வேண்டாம் என்று நாடே வாக்களித்ததையும், பெண்கள் முக்காட்டுக்கு எதிராக ஊர்வலம் போனதையும் தொலைக்காட்சியில் காட்டினார்கள்; அந்தப் பெண்களில் ஒருத்திகூட முகமூடி போடவில்லை. அவன் எழும்பிப் போய்விட்டான். கேணலுக்கும் நாற்பதாம் நாள் வந்தது. அவருக்காக எந்த நகரத்திலும் ஒருவரும் தெருவில் இறங்கவில்லை. நான் ஈச்சம்பழம் வாங்கிவந்து மேசையில் வைத்தேன். அவன் ஒன்றை எடுத்தான்.

அடுத்த கிழமை ஞாயிறு பகல் ரெலிபோன் அடித்தது. எடுத்தது நான். தாய். அவனிடம் கொடுத்துவிட்டு வெளியே போகப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு அழுதான். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, தகப்பனுக்காக முதல் தடவையாக அழுதான். அந்த மொழியில் எனக்கு இருபது முப்பது சொல் தெரியும். இரைச்சல் மிகுந்த வழியில் தாய் கத்தித்தான் கதைத்தார்; எனக்கே கேட்டது. மாமா என்ற சொல் வந்தது. சிறை என்ற சொல் வந்தது. மாமா ஏழு வருடம் உள்ளே இருந்து உயிரோடு வெளியே வருவார் என்பது அன்று ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தாய் தம்பியையும் சுட்டுவிடுவார்கள் என்றே நினைத்து அழுதார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். யார் என்ற சொல்லும் எனக்குத் தெரியும். யார் காட்டிக்கொடுத்தது?

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை. சொல்லட்டும், என் பெயரையும் சேர்த்தே சொல்லட்டும் என்று நின்றேன்.

தெரியாது என்றான்.

தாய் திரும்பவும் கேட்டார்.

"தெரியாது, அம்மா" என்றான்.